மலைமேல் ஒரு பிழைதிருத்தம்

காரைக்காலில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இல்லாமல் இறந்துபோனவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். இத்தனைக்கும் அவரைப் போல ஊர்ப் போஸ்டர்களை ஊன்றிப் படித்தவர் வேறு யாரும் இல்லை. ‘எனக்குப் போஸ்டர் அடிக்காதே, எவன் பேராவது விட்டுப்போகும்’ என்று எனக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சின்ன அச்சகம் வைத்திருக்கும் எனக்கு இருபத்தைந்து வருடமாக அவர் கொடுத்த தொல்லைகளில் அதுதான் கடைசி.

நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒல்லி, உயரம், மூக்குக்கண்ணாடி, கைப்பையில் எப்போதும் ஒரு அடி ஸ்கேல். அந்த ஸ்கேலைக் கண்டால் மேஜைமேல் இருப்பதை மறைக்கப் பார்ப்பேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை என்பது மணமக்களுக்காக அடிப்பதல்ல. ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று போட்டு, அதற்குக் கீழே சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன், அத்தை, மச்சான், பேரன் பேத்தி என்று வரிசையாகப் போடுகிறோமே, அதற்காக அடிப்பது. அதில் ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டார் கல்யாணத்துக்கு வரமாட்டார்கள். அடுத்த தலைமுறைக் கல்யாணத்துக்கும் வரமாட்டார்கள். போஸ்டரிலும் அதே கதைதான். செத்தவரைவிட செத்தவருக்கு யார் யார் இருக்கிறார்கள் என்பதே செய்தி.

அந்தப் பட்டியல்களில் விட்டுப்போன பெயரைக் கண்டுபிடிப்பதுதான் அக்காவின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. மாலை ஐந்து மணிக்கு வருவார். மேஜையில் கிடக்கும் புரூப்பை, அதாவது திருத்துவதற்காக எடுத்த முதல் படியை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, கீழிருந்து மேலே படித்துக்கொண்டு போவார். ஏன் தலைகீழாகப் படிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“மேலேருந்து படிச்சா மூளை தானா நெரப்பிக்கும் தம்பி. இல்லாத பேரும் இருக்கிற மாதிரியே தெரியும். கீழேருந்து படி, ஓட்டை தெரியும்.”

ஊரில் அத்தனை குடும்பமும் அவர் கையால் பதிவேட்டில் ஏறியவை. அதனால் ஓட்டை அவருக்கு நிஜமாகவே தெரிந்தது. பிரெஞ்சுப் பிரஜைகளான ஒரு குடும்பத்துப் பத்திரிகை வந்தது. மூன்று அண்ணன்மார் பெயர் இருந்தது. “இவங்களுக்கு நாலாவது ஒருத்தன் உண்டே, பாரீஸ்ல” என்றார் அக்கா. வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டதால் தலைமுழுகிவிட்டார்களாம். அக்கா விடவில்லை. அவர்கள் வீட்டுக்கே போய், “தலைமுழுகினதுக்குப் பதிவேடு கெடையாதுங்க, பொறந்ததுக்கு இருக்கு” என்று சொல்லி, பெயரைச் சேர்க்க வைத்தார். தம்பி பாரீஸிலிருந்து மனம் நெகிழ்ந்து பறந்து வந்தான். அண்ணன்மாரைக் கட்டிக்கொண்டு அழுதான். மறுநாள் வீட்டில் தன் பாகம் எது என்று கேட்டான். அந்தக் குடும்பம் இன்றுவரை என் கடைப் பக்கம் வருவதில்லை.

நான் அதைச் சொல்லிக் குறைப்பட்டபோது அக்கா கொஞ்சமும் வருத்தப்படவில்லை. “சண்டை போட்டாலும் நாலு பேராத்தானே போடுறாங்க” என்றார்.

அவரை எனக்கு முதன்முதலில் தெரிந்ததே ஒரு போஸ்டரால்தான். நான் கடை போட்ட புதிது. அவருடைய அம்மா இறந்துவிட்டார். அக்கா தானே எழுதிக் கொண்டுவந்த வாசகத்தை அப்படியே அடித்தேன். ‘காலஞ்சென்ற வைத்திலிங்கம் அவர்களின் மனைவி’ என்று தொடங்கியது. பிற்பகலில் ஊர்வலம் கடைத்தெரு வழியாக வந்தது. பார்த்தால், பாடையில் அந்த அம்மாள் மஞ்சள் பூசி, நெற்றி நிறைய குங்குமம் வைத்து, தலை கொள்ளாமல் பூவோடு சுமங்கலியாகப் போகிறார்.

“என்னப்பா இது? செவுத்துல புருஷன் செத்துட்டான், பாடையில உசுரோட இருக்கான். எதை நம்புறது?” என்று பூக்கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஊரே நான்தான் தப்பாக அடித்துவிட்டேன் என்றது. மூன்றாம் நாள் அக்கா வந்து மீதிப் பணத்தைக் கொடுத்தார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“நீ அடிச்சது சரி. அம்மா ஆசைப்பட்டுக் கேட்டுச்சு, பூ வச்சு அனுப்பினேன். ஆசை வேற, ரெக்கார்டு வேற” என்றார்.

விஷயம் இதுதான். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அவருடைய அப்பா வைத்திலிங்கம் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்காலின் எல்லையைத் தாண்டி இங்கிலீஷ்காரர் பக்கம் போய், கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்கார ராணுவ முகாமில் சமையல்காரராகச் சேர்ந்தார். அக்கா அப்போது அம்மாவின் வயிற்றில். போனவர் வரவில்லை. அதே முகாமில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த, எங்கள் பக்கத்து ஊரான வரிச்சிக்குடிக்காரர் ஒருவர் திரும்பி வந்து, துரைமார் நாலு பேர் விமானத்தில் கொச்சிக்குக் கிளம்பியதாகவும், சமைத்துப் போட வைத்திலிங்கத்தையும் ஏற்றிக்கொண்டதாகவும், விமானம் மலையில் முட்டிவிட்டதாகவும் சொன்னார். அந்த ஆள் கள்ளு குடிக்காமல் உண்மை சொல்லமாட்டார், குடித்தபிறகும் சொல்லமாட்டார் என்று ஊரில் பெயர். அதனால் யாரும் நம்பவில்லை. அந்தக் காலத்தில் காரைக்காலில் எந்த ஆம்பளை காணாமல் போனாலும் ஊர் கொடுக்கும் விலாசம் ஒன்றுதான். பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனுக்குக் கப்பலேறிவிட்டான், அங்கே ஒருத்தியோடு இருக்கிறான்.

அம்மா இரண்டையும் நம்பவில்லை. வருவார் என்று மட்டும் நம்பினார். மகள் மட்டும் வரிச்சிக்குடிக்காரரை நம்பினார். பெண் பார்க்க வந்தவர்கள் சம்பிரதாயத்துக்கு, “பொண்ணோட அப்பா?” என்று கேட்டால், அம்மா “வருவாரு” என்பாராம். அதே நொடியில் உள்ளேயிருந்து மகள் “செத்துட்டாரு” என்பாராம். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, காபி வருவதற்குள் எழுந்துவிடுவார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு யாரும் வரவில்லை.

இதை அக்காவே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். சிரிப்பு முடிந்ததும் சொன்னது வேறு. “அந்தப் பிளேன்ல எங்கப்பா செத்திருந்தா, எங்கள விட்டுட்டு ஓடுனவரு இல்ல. எனக்கு அவ்வளவு போதும் தம்பி.” ஆனால் உடல் இல்லை, சாட்சி இல்லை, காகிதம் இல்லை. ஊர்ச்சாவையெல்லாம் முப்பத்தைந்து வருடம் பதிவேட்டில் ஏற்றிய கைக்கு அந்த ஒரு சாவை ஏற்ற வழியில்லை.

அவருக்கு எழுபது வயது இருக்கும்போது அந்த வீடியோ வந்தது. மலையேறும் பையன்கள் சிலர் மேற்கு மலையில் தேனிக்கு அப்பால் ஒரு காட்டில், போர்க்கால ராணுவ விமானத்தின் சிதைவைப் படமெடுத்துப் போட்டிருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து கொச்சிக்குப் போன விமானம், மேகத்தில் வழி தவறித் தெற்கே வந்துவிட்டது என்று ஒரு பையன் சொன்னான். ‘இங்கே தங்கம் இருக்கிறதா?’ என்று தலைப்பு. நான் கடைக் கணினியில் போட்டுக் காட்டினேன். ஒரு பாறையில் பலகை ஒன்று பதித்திருந்தது. இறந்தவர்களின் உறவினர்கள் கடல் கடந்து வந்து பதித்தார்களாம். அதில் ஆங்கிலத்தில் பெயர்கள். “நிறுத்து” என்றார் அக்கா. கைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்தார். கீழிருந்து மேலே படித்தார்.

“நாலுதான் இருக்கு.”

“துரைங்க நாலு பேருன்னுதானேக்கா சொன்னாரு அந்த ஆளு.”

“நாலு பேருக்குச் சமைக்கப் போனவன் எங்க? கல்யாணப் பத்திரிகையிலயே சமையல்காரன் பேரு போடமாட்டோம், இவனுங்க எங்க போடப் போறானுங்க” என்றார். கோபமாகச் சொன்னாலும் முகம் மலர்ந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க ஊரான் வீட்டு ஓட்டையை அடைத்தவருக்குத் தன் வீட்டு ஓட்டை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

கும்பகோணத்தில் சொல்லி ஒரு பித்தளைத் தகடு வெட்டி வாங்கினேன். வைத்திலிங்கம், சமையல்காரர், காரைக்கால். மூன்றே வரி. பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போட வேண்டாமா என்று கேட்டேன். “செத்த எடத்துலயே போயி காலஞ்சென்றன்னு எழுதுவாங்களா? எழுதுற இடம் பாத்து எழுதணும்” என்று திட்டினார். நாலு திருகாணி, கையால் சுற்றும் துளைக்கருவி, ஒட்டுப் பசை எல்லாம் அவரே வாங்கினார். வனத்துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு என் ஆம்னி வேனில் கிளம்பினோம்.

எங்கள் ஊர் நம்பர் பலகை போட்ட வண்டியைத் தமிழ்நாட்டுப் போலீஸ் சும்மா விடுவதில்லை. காரைக்கால் வண்டி என்றால் உள்ளே மலிவு விலைச் சாராயம் இருக்கும் என்பது அவர்களுடைய ஐதீகம். மூன்று இடத்தில் நிறுத்தினார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு காவலர், துணியில் சுற்றிய தகட்டைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டிப் படித்தார்.

“யாரு இவரு?”

“எங்கப்பாங்க” என்றார் அக்கா.

“இருக்காரா?”

“அத எழுதத்தான் போயிக்கிட்டிருக்கோம்.”

அவர் அக்காவை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். போங்க என்று கை காட்டினார்.

அடிவாரத்துப் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து அறுபது வயதுக்காரர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். காட்டுக் காவல் வேலையில் இருப்பவர். இரண்டு மணி நேர ஏற்றம் என்றார். எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் ஆற்றுப் பாலம். அதில் ஏறுவதற்கே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளுகிறவர்கள் நாங்கள். நாலு மணி நேரமாயிற்று. அக்கா பத்தடிக்கு ஒருமுறை நின்றார். ஆனால் உட்காரவில்லை. தகட்டை என்னிடம் கொடுங்கள் என்று பலமுறை கேட்டேன், கொடுக்கவில்லை.

நான் முழு விமானம் ஒன்று மரத்தில் செருகிக்கொண்டு நிற்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது ஓடைக்குள் பாதி புதைந்த ஒரு எஞ்சின், இறக்கையின் நாலைந்து எலும்புகள், பாசி பிடித்த ஒரு சக்கரக் கம்பி. மீதி எங்கே என்று கேட்டேன். “எங்க வீடுகள்ல கூரையாச்சு, சட்டியாச்சு. கொஞ்சம் பழைய இரும்புக்குப் போச்சு” என்றார் வழிகாட்டி. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று இருந்தது எனக்கு.

அக்கா சிதைவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பாறைக்குப் போனார். ஸ்கேலை வைத்துக் கீழிருந்து மேலே படித்தார். கடைசிப் பெயருக்குக் கீழே கையால் அளந்து, “இங்க துளை போடு” என்றார். நான் கருவியை எடுத்தேன்.

“என்னம்மா வைக்கப் போறீங்க?” என்றார் வழிகாட்டி.

“ஒரு பேரு விட்டுப்போச்சுங்க. இதுல ஒரு சமையல்காரரும் வந்தாரு. எங்கப்பா.”

அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, “சமையக்காரரா? அவரு சாகலியேம்மா” என்றார்.

நான் கருவியைக் கீழே வைத்தேன். அவர் சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். சத்தம் கேட்டு மேலே ஏறி வந்தவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். நாலு வெள்ளைக்காரர்கள் கருகிக் கிடந்தார்கள். ஐந்தாவது ஆள், நம்ம நிறத்து ஆள், மூங்கில் புதரில் கால் ஒடிந்து கிடந்தார். கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு போய் வைத்தியம் பார்த்தார்கள். சாமை அறுப்பு வரைக்கும் அவர்களோடு இருந்தார். சிப்பாய்கள் வந்து நாலு பேரையும் எடுத்துக்கொண்டு போனபோது அவர் வெளியே வரவில்லை. மறுபடி விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று பயம்.

அக்கா நகராட்சி மேஜையில் உட்கார்ந்திருப்பதைப் போலக் கேட்க ஆரம்பித்தார். “நேர்ல பாத்தது யாரு? உங்க அப்பாவா? எந்தக் காலு ஒடிஞ்சுது? எந்த ஊருன்னு சொன்னாரு?”

“ஊரு பேரு எங்கப்பாவுக்கு வாயில வராதும்மா. கடலோரம்னு சொன்னாராம். எங்க ஊருலயும் வெள்ளக்காரன் ஆட்சிதான், ஆனா இவன் இல்ல, அவன் வேற வெள்ளக்காரன்னு சொல்லிச் சிரிப்பாராம். அது எங்க யாருக்கும் புரியல.”

எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரை ஆண்டவன் பிரெஞ்சுக்காரன். அக்கா கேள்வியை நிறுத்தவில்லை.

“குடும்பத்தப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?”

“சம்சாரம் முழுகாம இருக்கு, இந்நேரம் புள்ள பொறந்திருக்கும், போகணும் போகணும்னு சொல்லிக்கிட்டே கெடந்தாராம். காலு ஊன்ற மாதிரி ஆனதும் எங்கப்பா அடிவாரம் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வந்தாரு.”

“எந்தப் பக்கம் போனாரு?”

“கெழக்க.”

“நிச்சயமா கெழக்கதானா?”

“மேக்க மலைம்மா. வேற எங்கிட்டுப் போறது?”

இத்தனை வருடமாக இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று நான் சத்தம் போட்டேன். எனக்கு அந்த மனிதர் மேல் நியாயமே இல்லாத கோபம். ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் தகட்டை அடித்துவிட்டு, அப்பாவைச் செத்தவராக்கி, நிம்மதியாக இறங்கியிருப்போம். “யாரும் கேக்கலீங்களே. வந்தவங்கெல்லாம் தங்கம் இருக்கான்னுதான் கேட்டாங்க” என்றார் அவர் அமைதியாக.

அக்கா எஞ்சின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அம்மா போனபோதுகூட அழவில்லை. அன்றைக்கு அழுதார். மூக்கை முந்தானையில் துடைத்துத் துடைத்து, சத்தமில்லாமல், ரொம்ப நேரம். “நான் பொறக்கப் போறது தெரிஞ்சுருக்கு அவருக்கு. வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்காரு” என்றார்.

“வழியில ஏதாச்சும் ஆயிருக்கும்க்கா. அந்தக் காலம், யுத்த நேரம், நொண்டிக் காலு” என்றேன். தகட்டை எப்படியாவது அடித்துவிடலாம் என்ற எண்ணம்தான்.

“ஆயிருக்கும்னு எழுத முடியாது தம்பி. ஆச்சு, ஆவல, ரெண்டுதான்.” எழுந்து பாறையிடம் போனார். இன்னொரு தடவை ஸ்கேலை வைத்துப் படித்தார். நாலு பெயர்தான், படிக்க நேரமே ஆகாது. இருந்தும் மெதுவாகப் படித்தார். “சரியாத்தான் இருக்கு” என்றார். எனக்குத் தெரிந்து ஒரு பட்டியலை அவர் சரி என்று சொன்னது அன்றைக்குத்தான். தகட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கினார்.

திரும்பும்போது திருச்சி தாண்டும்வரை தகட்டை மடியைவிட்டு இறக்கவில்லை. பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே, “அம்மா பூ வச்சுக்கிட்டுப் போனதுல தப்பு இல்ல. போஸ்டர்தான் தப்பு. அத எழுதினவ நான்” என்றார். நான் வேனை ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா ஓடவில்லை என்று தெரிந்துகொண்ட நாளிலேயே, அம்மாவோடு ஐம்பது வருடம் போட்ட சண்டையில் தோற்றும் போனார். கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிய நிம்மதி அது.

அதற்குப் பிறகும் மாலை ஐந்து மணிக்குக் கடைக்கு வந்தார், ஸ்கேலும் வந்தது. ஆனால் புரூப்பில் யார் பெயருக்காவது முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று இருந்தால், விரலை அங்கே வைத்து, “விசாரிச்சியா?” என்று கேட்க ஆரம்பித்தார். புதிய தொல்லை. ஒரு வீட்டில் போய் உங்கள் மாமனார் நிஜமாகவே செத்துவிட்டாரா என்று கேட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

ஒருநாள் வாக்காளர் பட்டியல் சரிபார்க்கும் பெண் ஒருவர் அக்காவின் தெருவில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். நான் ஒரு புரூப்பைக் காட்டுவதற்காக அங்கே போயிருந்தேன். அக்காவின் வாசற்கதவுக்குப் பக்கத்தில் அந்தப் பித்தளைத் தகட்டை நாலு திருகாணியும் போட்டு முடுக்கியிருந்தார். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். நான் பார்த்தும் பார்க்காததுபோல நின்றேன். அந்தப் பெண் தகட்டைப் படித்தார், கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார், மறுபடி தகட்டைப் பார்த்தார்.

“பாட்டிம்மா, இந்த வீட்டுல உங்க ஒரு பேருதான் இருக்கு. வைத்திலிங்கம்னு பலகை போட்டிருக்கே, அவரு இருக்காருங்களா?”

கணக்குப் போட்டால் அவருக்கு நூறைத் தாண்டியிருக்கும். அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தார்.

“வெளிய போயிருக்காரும்மா” என்றார்.